அரைகுறையாகவே அனுப்புங்கள்

(வயது வந்தோரின் ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, தன்னம்பிக்கைக் குறைவு, அவற்றுக்கான உளவியல் சிகிச்சை குறித்து ஒரு வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏடிஎச்டி இருக்கிறவங்க எதையும் அரைகுறையா விடுறவங்க. பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்டுன்னா ஒரு காற்புள்ளிகூட விடாதவங்க. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட எப்படிங்க இருக்கும்?" நியாயமான கேள்வி. நான் உளவியலாளர். மருந்து எழுதித் தருவது என் வேலை அல்ல, உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. என்னிடம் வரும் வயது வந்தவர்களில் பலரிடம் இந்த இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன. மேசை முழுக்கக் காகிதக் குவியல், மின்கட்டணம் கட்டக் கடைசி நாள் போய்விட்டது, ஆனால் மேலதிகாரிக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுத ஒரு முழு மாலை. இந்த இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன, எப்படிப் பிரிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏடிஎச்டியின் வரலாற்றைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்கிறேன். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாவிட்டாலும் தம்மைக் கட்டுப்படுத்த முடியாமல் இருந்த குழந்தைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி, தம் மருத்துவமனையில் இருந்த 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழப் பாதிப் பேரின் பள்ளிப் படிப்பு கண்கூடாக முன்னேறியது. இவையெல்லாம் குழந்தைகளின் கதை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. 1970களில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் வெண்டர் குழுவினர்தான் பெரியவர்களிடமும் இது தொடர்கிறது என்று முறையாக ஆராயத் தொடங்கினார்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய் கண்டறிதல் கையேடு, 17 வயது நிறைந்தவர்களுக்கு ஆறு அறிகுறிக்குப் பதில் ஐந்து போதும் என்றது. ஆனால் அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. அதனால்தான் நாற்பது வயதுக்காரரிடமும் "பழைய ராங்க் கார்டு ஏதாவது வீட்டில் இருக்கிறதா, அம்மாவிடம் பேசலாமா" என்று கேட்கிறோம்.

அந்த ராங்க் கார்டில்தான் முழுக் கதையும் இருக்கும். "நல்ல மூளை, உழைப்பில்லை." "கவனம் தேவை." "முயன்றால் முதலிடம் வரலாம்." எழுதிய ஆசிரியர்கள் கெட்டவர்கள் அல்லர், பார்த்ததைத்தான் எழுதினார்கள். ஏடிஎச்டியில் கவனமே இல்லை என்பது தவறு. கவனம் இருக்கிறது, அதை வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில் திருப்புவதுதான் கைகூடுவதில்லை. பிடித்த வேலையில் சாப்பாடு மறந்து ஆறு மணி நேரம் உட்காருவார்கள். பிடிக்காத படிவத்தை நிரப்ப ஆறு மாதம் ஆகும். ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் 1997 முதல் வலியுறுத்தி வருவது இதுதான்: இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் செய்ய வைக்கும் மூளையின் நிர்வாகத் திறன்களில்தான் சிக்கல்.

சிக்கல் நிரந்தரமாக ஒரே அளவில் இருந்தால்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை முடிகிறது, செவ்வாய்க்கிழமை முடிவதில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "நேத்து செஞ்சியே, இன்னைக்கு ஏன் முடியாது? மனசு வச்சா நீ செய்வ." அன்போடு சொல்லப்படும் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் ஒரு முடிவுக்கு வருகிறார்: நான் மனசு வைக்காதவள், சோம்பேறி, அக்கறையில்லாதவள். நன்றாகச் செய்த நாள்களே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகின்றன. இவர்களின் தன்னம்பிக்கைக் குறைவு வெறும் கற்பனை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மறந்த பிறந்தநாள்கள், தவறவிட்ட ரயில், பாதியில் விட்ட கோர்ஸ், கட்டிய அபராதம் என்று அதற்குப் பின்னால் உண்மையான நிகழ்வுகள் இருக்கின்றன. "உன்மீது நம்பிக்கை வை" என்று அவரிடம் சொன்னால், அவர் மனம் ஒரு நொடியில் இருபது எதிர் உதாரணங்களைக் கொண்டுவந்து நிறுத்தும். அவை அத்தனையும் நடந்தவை.

இங்கேதான் பெர்ஃபெக்‌ஷனிசம் உள்ளே வருகிறது. அடிக்கடி தவறு செய்கிறவர், தவறே செய்யக்கூடாது என்று தீர்மானிப்பதில் வியப்பில்லை. இதுபற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். நான் என்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று, மற்றவரிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று, உலகம் என்னிடம் எதிர்பார்க்கிறது என்று நான் நம்புவது மூன்றாவது. 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது மூன்றுமே ஏறியிருந்தன. மிக வேகமாக ஏறியது அந்த மூன்றாவது. தொண்ணூற்றெட்டு வாங்கி வந்த பிள்ளையிடம் "ரெண்டு மார்க் எங்கே போச்சு" என்று கேட்கும் ஊரில் இருந்துகொண்டு இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ் ஷாஃப்ரன், ஸஃப்ரா கூப்பர், கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் மூவரும் இதற்கு ஒரு மருத்துவ இலக்கணம் தந்தார்கள். உயர்ந்த தரத்தை விரும்புவது நோய் அல்ல. அந்தத் தரத்தை எட்டினால்தான் நான் மனிதன், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று தன் மதிப்பு முழுவதையும் அதில் அடகு வைப்பதுதான் சிக்கல் என்றார்கள்.

ஏடிஎச்டி உள்ளவர்களிடம் இது ஒரு தனி வடிவம் எடுக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் வயது வந்தோருக்கான ஏடிஎச்டி சிகிச்சைத் திட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர் ரஸ்ஸல் ராம்சே. அவர் கவனித்துச் சொன்னது இது: வழக்கமான பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் வேலையின் கடைசியில் மாட்டிக்கொள்கிறார், முடித்ததை விடமாட்டேன் என்கிறார். இவர்களோ முதலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். மனநிலை சரியாக இருக்க வேண்டும், வீடு அமைதியாக இருக்க வேண்டும், மேசை துடைத்திருக்க வேண்டும், முழுதாக மூன்று மணி நேரம் கிடைக்க வேண்டும், அப்போதுதான் தொடங்குவேன். வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்தி, எல்லாச் சான்றிதழும் இல்லாமல் ஒரு வேலையையும் உள்ளே விடாதே என்று சொன்னது போல. தொடங்காத வேலையில் தவறும் நேராது. தன்மீதே கொண்ட சந்தேகத்துக்கு அது பெரிய நிம்மதி.

ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பூட்டியபின் சாவி இருக்கிறதா என்று பையைத் தட்டிப் பார்ப்பது, விமான டிக்கெட் தேதியை மூன்று முறை சரிபார்ப்பது, இவையெல்லாம் அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்ட தற்காப்பு. சில சிகிச்சையாளர்கள் இதையும் பெர்ஃபெக்‌ஷனிசம் என்று முத்திரை குத்திக் கைவிடச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வேலையை முடிக்க உதவும் சரிபார்ப்பு இருக்கட்டும். வேலையைத் தொடங்கவிடாத நிபந்தனையோடுதான் நமக்குச் சண்டை.

சரி, சிகிச்சைக்கு வருவோம். ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வுக்காக உருவாக்கிய சிந்தனை–நடத்தைச் சிகிச்சைதான், சிபிடி என்கிறோமே, இதற்கும் அடித்தளம். ஆனால் அதை அப்படியே எடுத்து ஏடிஎச்டிக்குப் போட முடியாது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்டீவன் சாஃப்ரென் குழுவினர் இதற்கென ஒரு வடிவத்தை உருவாக்கி, 2010இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தும் சிரமம் தீராத 86 பேர். ஒரு பாதிக்கு இந்தச் சிகிச்சை, மறு பாதிக்குத் தசைத் தளர்வுப் பயிற்சியும் தகவல் விளக்கமும். அறிகுறி அளவுகோலில் குறிப்பிட்ட அளவு முன்னேறியவர்கள் முதல் பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு நியூயார்க்கில் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் மேரி சொலான்டோ, 88 பேரிடம் 12 வாரக் குழுச் சிகிச்சையைச் சோதித்து நல்ல பலன் கண்டார்.

எனக்கு இந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது சாஃப்ரென் முறையின் வரிசை. எண்ணங்களை மாற்றுவது அதில் முதலில் இல்லை. முதலில் ஒரு நாள்காட்டி, ஒரு வேலைப்பட்டியல். இரண்டாவது, கவனம் சிதறுவதைக் கையாள்வது. எண்ணங்கள் அதற்குப் பிறகுதான். காரணம் எளிது. நாள்காட்டியே இல்லாதவரின் சந்தேகத்தை வாதாடி ஜெயித்தாலும், அடுத்த வாரம் ஒரு சந்திப்பை மறந்து வந்து நிற்பார். சந்தேகம் மறுபடி ஜெயித்துவிடும்.

இரண்டாவது படியில் ஒரு பயிற்சி உண்டு. அலுப்பான ஒரு வேலையை எடுத்து, கவனம் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொல்வோம். பன்னிரண்டு நிமிடம் என்றால் பன்னிரண்டு நிமிடம். "வெறும் பன்னிரண்டா" என்று வெட்கப்படுவார்கள். வெட்கத்தை ஒதுக்கிவிட்டு, வேலையைப் பன்னிரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டுவோம். நடுவில் "கேஸ் புக் பண்ணணும்" என்று ஞாபகம் வந்தால் எழுந்து போகாமல் பக்கத்துத் தாளில் எழுதிவிட்டுத் தொடர வேண்டும். துண்டு முடிந்ததும் அந்தத் தாளைப் பார்த்தால், அப்போது தலைபோகும் அவசரமாகத் தெரிந்தவற்றில் பாதி அவசரமே இல்லை என்று தெரியும்.

இந்த நாள்காட்டியிலும் பெர்ஃபெக்‌ஷனிசம் புகுந்துவிடும், அது தனி வேடிக்கை. டைரி வாங்கி வரச் சொன்னால் நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்து வண்ணப் பேனாவும் ஸ்டிக்கரும் வாங்கி வருவார்கள். முதல் வாரம் கோலம் போட்டது போல் அழகாக இருக்கும். இரண்டாவது வாரம் ஒரு நாள் எழுத விட்டுப்போகும். "கெட்டுப்போச்சு மேடம், புது டைரியில ஆரம்பிக்கிறேன்" என்பார்கள். வேண்டாம். விட்டுப்போன பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும், அதே டைரியில் அடுத்த நாளிலிருந்து எழுதுங்கள் என்பேன். அந்த வெற்றுப் பக்கத்தோடு வாழப் பழகுவதே சிகிச்சையில் ஒரு பகுதி.

இனி ஒருவரைப் பற்றி. அவர் உண்மையில் ஒருவர் அல்லர். பலரிடம் கண்டதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஒருவராக்கியிருக்கிறேன். முப்பதுகளின் நடுவில் இருக்கும் வரலாற்று ஆய்வு மாணவி. கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். மகனுக்கு ஏடிஎச்டி என்று கண்டுபிடித்தபோது, கேள்வித்தாளில் இருந்த ஒவ்வொரு கேள்வியும் தன்னைப் பற்றியது போலிருந்ததால் வந்தவர். பெண்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள். வகுப்பில் ஓடித் திரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்குழந்தையை யாரும் மருத்துவரிடம் கூட்டிப்போவதில்லை. ஆய்வேட்டில் மூன்றாம் இயல் பாதியில் நிற்கிறது. கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. நெறியாளரின் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆனால் தினமும் இரவு மடிக்கணினி முன்னால் உட்காருகிறார். என்ன செய்கிறார்? அடிக்குறிப்புகளின் எழுத்தளவைச் சரிசெய்கிறார். முன்னுரையின் முதல் பத்தியைத் திருத்துகிறார்.

"ஐயாவுக்கு ரெண்டு வரி எழுதுங்க, இங்கேயே" என்றேன். எழுத ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய ஐயா" என்று அடித்தார். அழித்தார். "பெருமதிப்பிற்குரிய ஐயா." மறுபடி அழித்தார். இந்த இரண்டுக்கும் நடுவிலேயே கால் மணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில் திரையில் இருந்தது இவ்வளவுதான்: "ஐயா, மூன்றாம் இயல் அரைகுறையாக இருக்கிறது. அப்படியே அனுப்பலாமா?"

அனுப்பும் முன் ஒரு தாளைக் கொடுத்தேன். "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க, எழுதுங்க." எழுதினார்: "ஐயா கோபப்படுவார். 'இத்தனை வருஷம் இதுக்குத்தானா' என்று கேட்பார். வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்பார்." எவ்வளவு நிச்சயம் என்று கேட்டதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு என்றார். தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன். அவர் பொத்தானை அழுத்தினார். அன்றிரவே பதில் வந்தது: "அனுப்பும்மா. பார்க்கிறேன்."

கதை இதோடு இனிமையாக முடிந்துவிடவில்லை. நெறியாளர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பாக்கி அனுப்பினார். ஓர் அட்டவணையில் ஆண்டுகள் மாறியிருந்ததற்கு நன்றாகவே கடிந்துகொண்டார். அடுத்த வாரம் அந்தத் தாளைப் பிரித்து இருவரும் பார்த்தோம். அவர் எழுதியதில் ஒரு வரி நடந்திருக்கிறது: கோபம். மற்ற இரண்டும் நடக்கவில்லை. "திட்டினார்தான் மேடம். ஆனா அட்டவணையைத் திட்டினார். என்னைத் திட்டல" என்றார். நான் பேசி இதை அவருக்குப் புரியவைத்திருக்க முடியாது. ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை, மூன்றாம் இயல் மட்டும் முடிந்திருக்கிறது.

இந்தச் சிகிச்சை தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் செய்து வரச் சொன்னதைச் செய்யாமல் போனால், வெட்கப்பட்டுச் சந்திப்பையே ரத்து செய்துவிடுவார்கள். உடம்பு சரியில்லை என்று செய்தி வரும். அதனால் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: செய்யாவிட்டால் கட்டாயம் வாருங்கள், செய்துவிட்டால் வராமல்கூட இருக்கலாம். சிரிப்பார்கள். ஆனால் எந்த நொடியில், எந்த எண்ணத்தில் வேலை நின்றது என்பதைத் தெரிந்துகொள்ள, செய்யாத வாரம்தான் அதிகம் உதவுகிறது.

அப்படித் தேடும்போது ஒரு விநோதம் கண்ணில் படும். நிறுத்திய எண்ணம் எப்போதும் "என்னால் முடியாது" என்பதாக இருப்பதில்லை. "நெருக்கடி வந்தாத்தான் எனக்கு நல்லா ஓடும்." "இந்தச் சின்ன வேலையை முடிச்சிட்டு அதுக்கு வர்றேன்." "நாளைக்குக் காலையில எழுந்து ஒரே மூச்சில முடிச்சிடலாம்." எல்லாம் நம்பிக்கை ததும்பும் வாக்கியங்கள். லாரா நவுஸ், ஜான் மிட்செல் ஆகிய ஆய்வாளர்கள் 2015இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஏடிஎச்டியில் தள்ளிப்போடுதல் பல நேரம் இப்படி நேர்மறை எண்ணத்தின் வேடத்தில்தான் வருகிறது. ஊக்கமூட்டும் பேச்சாளர்களின் காணொளிகளை இவர்களுக்கு அனுப்பாதீர்கள் என்று உறவினர்களிடம் நான் கெஞ்சுவது இதனால்தான். சந்தேகத்தால் ஒரு நாள் தள்ளிப்போகிறது, நம்பிக்கையால் மறுநாள் தள்ளிப்போகிறது. இரண்டுக்கும் ஒரே மாற்று, அடுத்த பன்னிரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுவது. "ஆய்வேடு" என்று எழுதக்கூடாது. "இரண்டாம் அட்டவணையில் ஆண்டுகளைச் சரிபார்" என்று எழுத வேண்டும்.

மருந்து பற்றிச் சொல்லாமல் போனால் உரை முழுமையாகாது. மெத்தில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் உருவாக்கியது. மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டாலின் ஆனது. இந்தியாவில் இது கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலான எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது, மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லா மருந்துக் கடையிலும் வைத்திருக்கவும் மாட்டார்கள். ஊக்க மருந்து வகையைச் சேராத அட்டோமாக்ஸெட்டினும் உண்டு. எது, எவ்வளவு என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். மருந்து எடுப்பதைத் தோல்வி என்று நினைக்கும் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்டுகள் நிறைய. "மருந்தில்லாம சமாளிச்சாத்தான் நிஜமான வெற்றி" என்பார்கள். கண்ணாடி போடாமல் படித்துக் காட்டுவேன் என்று யாரும் சபதம் செய்வதில்லையே.

இன்ஸ்டாகிராம் ரீல் பார்த்து "எனக்கும் இருக்கு" என்று முடிவு கட்டியவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவான ஏஎஸ்ஆர்எஸ் என்ற ஆறு கேள்விச் சோதனை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது மருத்துவரைப் பார்க்கலாமா என்று சொல்லும், நோய் என்று தீர்ப்பு சொல்லாது. தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே கவனத்தைக் கலைக்கும். பதினைந்து நிமிடத்தில் ஏடிஎச்டி என்று சொல்லிவிடுகிறவரிடமும், "படிச்சு வேலைக்குப் போறீங்க, உங்களுக்கெல்லாம் இருக்காது" என்று அனுப்பிவிடுகிறவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள்.

குடும்பத்தாருக்கு ஒன்று. கணவரோ மனைவியோ நடமாடும் அலாரமாக ஆகிவிடுவது இந்த வீடுகளில் சாதாரணம். "கட்டிட்டியா, அனுப்பிட்டியா, எழுதிட்டியா." கேட்கிறவருக்கும் அலுப்பு, கேட்கப்படுகிறவருக்கு அவமானம். நினைவூட்டும் வேலையைக் கைப்பேசிக்கே விட்டுவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது வேறு: அவர் எழுதும்போது அதே மேசையில் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்காருங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் தொடங்குவது எளிதாகிறது என்று என்னிடம் வரும் பலர் சொல்கிறார்கள். எட்டிப் பார்க்க மட்டும் கூடாது.

கேள்விகளுக்குக் கூட்டத்தின் தலைவர் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். மருந்தளவு பற்றியவற்றை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், மற்றவற்றை இங்கே கேட்கலாம். கேள்வியைச் சரியாக அமைத்துக்கொண்டு கேட்கலாம் என்று காத்திருக்கிறவர்கள் முதலில் கையைத் தூக்குங்கள்.